மறைந்து நின்ற வழிபாடு

திருச்சிற்றம்பலம்



கோட்டூர்புரத்தில் நிகழும் இக்கந்தர் சஷ்டி விழாவில் நேற்றைய தினம் சாக்கிய நாயனார் வரலாற்றை எடுத்துரைத்தோம். சொற்பொழிவு நிறைவுற்று, அன்பர்கள் திருநீறு பெற்றுச் செல்லுங்கால், ஒருவர் நம்மை அணுகி ஒரு வினா விடுத்தார். “ஐயா, நெஞ்சில் சிவனை வைத்துக்கொண்டு, உடம்பில் வேறு சமயத்து ஆடையைப் போர்த்துக்கொண்டு நடமாடியவரை நாயனார் என்று ஏற்பது எப்படி? உயிரே போவதாயினும் வெளிப்பட நிற்பதன்றோ பத்தி? மறைந்து கும்பிடுவது அச்சம் ஆகாதா?” என்றார். அவர் வாதத்திற்காகக் கேட்டவர் அல்லர்; உள்ளம் உறுத்தக் கேட்டவர். அத்தகைய வினாவுக்கு நின்ற நிலையில் விடை கூறுதல் முறையாகாது என்று எண்ணி, இன்றைய பொழுதை அதற்கே உரியதாக்கினோம்.

முதற்கண் சாக்கியரையே மீண்டும் நோக்குவோம். சங்கமங்கையில் தோன்றிய அப்பெருமகனார், பிறப்பு இறப்பு நீங்கும் வழியை நாடிக் காஞ்சி மாநகரத்தை அடைந்தார். அங்கே புத்த சமயத்தைத் தழுவினார். பின்னர்ச் சிவநெறியே மெய்ந்நெறி எனத் தெளிந்தார். தெளிந்த பின்னும் தாம் பூண்ட வேடத்தைக் களைந்திலர். வெட்டவெளியில் இருந்த ஒரு சிவலிங்கத்தை நாள்தோறும் கண்டு, அதன்மீது ஒரு கல்லை எறிந்து, அதனையே தம் வழிபாடாகக் கொண்டார். கண்டவர் அதனைப் பகைமை என்று எண்ணியிருப்பர். எறிந்தவரும் ஏற்றவரும் மட்டுமே அதனை அன்பு என்று அறிவர். ஒருநாள் அவர் உண்ண அமர்ந்தபோது, அன்றைய வழிபாட்டை மறந்தமை நினைவுக்கு வந்தது. உணவை விட்டு ஓடினார், கல்லை எறிந்தார், இறைவன் விடைமீது தோன்றி ஆட்கொண்டான். அன்பர்களே, அவர் தம் அன்பை ஊரார் கண்ணுக்கு மறைத்தார், ஆயின் மறந்தாரல்லர். ஒரு வேளை மறந்ததற்கே உணவை விட்டு எழுந்தார். மறைத்தல் வேறு, மறத்தல் வேறு என்னும் இவ்வேறுபாடே இன்றைய பொருளுக்குத் திறவுகோல்.

மதுரையில் பாண்டிய மன்னன் சமணம் சார்ந்திருந்த காலத்தில், மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் எவ்வாறு இருந்தனர்? அரண்மனைக்குள் இருந்தபடியே சிவநெறியைப் பேணினர். தேவியார் திருநீற்றைப் பிறர் கண்ணிற் படாதவாறு அணிந்தார் என்று பெரியோர் சொல்லும் வழக்கு உண்டு. காலம் கனிந்தபோது, திருமறைக்காட்டில் இருந்த திருஞானசம்பந்தருக்கு அவ்விருவரும் ஆள் விடுத்தனர். பொறுத்திருந்தவர்கள் கதவு திறக்கும் வேளையில் அதனைத் திறந்தார்கள். அவர்களை அஞ்சியவர் என்று சொல்லத் துணிவார் யார்?

ஈழத்தில் நேர்ந்தது

இவை புராணம் கூறும் செய்திகள். வரலாற்றில் இதற்கு நேரான சான்று உண்டா எனின், உண்டு. அதனை நாடிக் கடல் கடந்து யாழ்ப்பாணத்திற்குச் செல்லல் வேண்டும். செல்லுமுன் நம் மயிலாப்பூரை ஒருகால் திரும்பிப் பார்ப்போம். கோட்டூர்புரத்திலிருந்து அடையாற்றுப் பாலத்தைக் கடந்து சென்றால் சிறிது நேரத்தில் கபாலீச்சரத்தை அடைகின்றோம். இன்று நாம் வணங்கும் அத்திருக்கோயில் பிற்காலத்தில் எழுந்தது. பழைய கபாலீச்சரம் கடலை ஒட்டி இருந்தது என்பதும், பதினாறாம் நூற்றாண்டில் சாந்தோமில் போர்த்துக்கீசியர் வலுப்பெற்ற காலத்தில் அது அழிந்தது என்பதும் ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. ஆதலின் நாம் சொல்லப்போகும் வரலாறு நமக்கு அயலாருடையது அன்று.

யாழ்ப்பாண அரசின் இறுதி மன்னனாகிய சங்கிலி குமாரன் 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரிடம் தோல்வியுற்றான். 1621இல் அவர்தம் தளபதி பிலிப்பு தெ ஒலிவேரா நல்லூரைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டு, அங்கிருந்த கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். அதன் கற்கள் வேறு கட்டடங்களுக்குச் சென்றன. அடுத்த சில ஆண்டுகளில் கிழக்குக் கரையில் திருக்கோணேச்சரமும் இடிக்கப்பட்டு, அம்மலைமீது கோட்டை எழுந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அதற்கு முன்னரே அழிந்துபட்டிருந்தது. நாட்டு மக்கள் திருமுழுக்குப் பெற்றுப் புதிய பெயர் சூட்டப்பெற்றனர்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்கள் கிறித்தவத்தில் சீர்திருத்தப் பிரிவினர். கோயிற்பற்றுத் தோறும் தேவாலயமும் அதனோடு சேர்ந்த பள்ளியும் வைத்து, ஞானஸ்நானமும் திருமணமும் பதியும் தோம்பு என்னும் ஏடுகளைப் பேணினர். அத்தோம்பில் பெயர் ஏறினால்தான் மணம் செல்லும். மணம் சென்றால்தான் பிள்ளைக்குச் சொத்துரிமை. அரசு ஊழியம் வேண்டுவோர்க்கும் அதுவே வாயில். பள்ளிக்கும் வழிபாட்டுக்கும் வாராதார்க்குத் தண்டம் விதித்தனர். வாள் கொண்டு வெட்டுவதினும் இஃது ஆழமாகச் செல்லும் கட்டாயம் என்று அறிக. வாளுக்கு அஞ்சாதவனும் தன் மகள் திருமணம் செல்லாது போவதற்கு அஞ்சுவான்.

இவ்வாறு நல்லூரில் கந்தசுவாமி கோயில் இடிந்த 1621 தொடங்கி, அது மீண்டும் எழுந்ததாக மரபு கூறும் 1734 வரை, 113 ஆண்டுகள். தந்தை, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என நான்கு தலைமுறை. அந்நான்கு தலைமுறைக்கும் சைவம் எங்கே இருந்தது?

கூரையில் செருகிய இலை

வீட்டில் இருந்தது. குறிப்பாகச் சொன்னால், அடுக்களையில் இருந்தது.

யாழ்ப்பாணத்து முதியோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. விரத நாளில் வீட்டார் நீராடி, வாயிலை அடைத்து, உள்ளே வழிபாடு செய்வர். பின்னர் வாழையிலையில் சைவ உணவு பரிமாறி உண்பர். உண்ட பின் அவ்விலையை வெளியே எறிதல் இயலாது. விரத நாளில் ஒரு வீட்டுக் கொல்லையில் உண்ட வாழையிலைகள் கிடந்தால், அவ்வீட்டார் இன்னும் சைவர் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். ஆதலின் அவ்விலைகளை மடித்து, ஓலைக் கூரையின் இறப்பில் செருகி மறைத்தார்கள். இறப்பு என்பது நாம் இறவாணம் என்று கூறுவது; சுவருக்கு வெளியே தாழ்ந்திருக்கும் கூரைப்பகுதி. அங்கே செருகிய இலை காய்ந்து ஓலையோடு ஓலையாய்விடும்.

இச்செய்தியின் உட்பொருளைச் சிறிது சிந்திப்போம். கோபுரம் இடிந்தது, கொடிமரம் வீழ்ந்தது, சிவாசாரியர் அகன்றனர், தேர் இல்லை, திருவிழா இல்லை. எஞ்சியது ஒரு திதியும் ஓர் இலையும். இன்று சஷ்டி, இன்று பிரதோஷம், இன்று சிவராத்திரி என்று நாள் பார்த்துச் சொல்ல வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தாள். பஞ்சாங்கத்தை அழிக்க எந்தப் படையாலும் இயலாது. அது வானத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. பிறையைக் கண்டு நாள் எண்ணத் தெரிந்த ஒரு பெண், ஆறு நாள் உண்ணாமல் இருந்து ஏழாம் நாள் இலை போட்டாள். அவ்வீட்டுக் குழந்தைகள் அதனைக் கண்டார்கள். இது வெளியிற் சொல்லத் தகாதது என்று அறிந்துகொண்டார்கள். விடத் தகாதது என்பதையும் உடன் அறிந்துகொண்டார்கள்.

எல்லாரும் அவ்வாறு இருக்கவில்லை என்பதையும் கூறல் வேண்டும். சிலர் நாட்டை விட்டு நீங்கினர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர் வரலாறு சைவ உலகில் பெரிதும் வழங்குவது. பறங்கி அதிகாரியின் உணவுக்கென வீட்டுக்கு ஒரு பசு முறை வைத்துக் கொடுத்தல் வேண்டும் என்று கட்டளை இருந்ததாம். தம் முறை வருவதற்கு முன்னாள் இரவே அவர் ஊரை விட்டு நீங்கிச் சிதம்பரத்தை அடைந்தார். பின் வடநாடு சென்று வடமொழிக் கடலைக் கடந்து, துறவு பூண்டு, சிவஞானசித்தியார் சுபக்கத்திற்குத் தமிழில் உரை செய்தார். சிதம்பரத்தில் அவர் பெயரால் விளங்கும் ஞானப்பிரகாசர் குளத்தை அன்பர் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு பசுவைக் கொடுக்க மனமின்றிப் புறப்பட்டவர் ஓர் உரையையும் ஒரு குளத்தையும் நமக்குத் தந்தார். அவர் நீங்கியதும் தொண்டே. நீங்க இயலாமல் குடும்பத்தோடு நின்று இலையை மறைத்தவர் செய்ததும் தொண்டே. எல்லாரும் நீங்கியிருந்தால் ஊரில் சைவம் ஏது?

மறைத்தவை இலைகள் மட்டும் அல்ல. திருமேனிகளையும் மண்ணுள் மறைத்தார்கள். திருக்கோணமலையில் 1950ஆம் ஆண்டில் கிணறு தோண்டியபோது, சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ முந்நூற்று முப்பது ஆண்டு மண்ணுக்குள் இருந்து, அவை மீண்டும் விளக்கொளி கண்டன. புதைத்தவர் பெயரை எவரும் அறியார். தாம் இருக்கும் காலத்தில் அவற்றை மீண்டும் எடுக்கலாம் என்று அவர் எண்ணியிருப்பர். அஃது இயலவில்லை. ஆயினும் அவர் செயல் வீண்போகவில்லை.

கூட்டத்தைக் கண்டு அஞ்சிய அரசுகள்

இனி ஒரு நுட்பத்தைக் காண்போம். அரசுகள் தடுத்தது எதனை? தனியொருவன் நெஞ்சில் நினைப்பதை எவராலும் தடுத்தல் இயலாது. நம் மயிலாப்பூரில் தோன்றிய வாயிலார் நாயனார் மனத்துள்ளே கோயில் அமைத்து, மௌனமாய்ப் பூசித்தார். திருநின்றவூர்ப் பூசலார் மனத்துள்ளே கற்றளி எழுப்பினார். அக்கோயில்களை இடிக்கும் கடப்பாரை உலகில் இல்லை. அரசுகள் அஞ்சியது நான்கு பேர் கூடுவதற்கே. இங்கிலாந்தில் 1664ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் ஒன்று, அரசாங்கத் திருச்சபையின் முறைக்கு மாறாக, வீட்டாரை அன்றி ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் கூடி வழிபடுதல் குற்றம் என்றது. தலையை எண்ணிப் பத்தியை அளந்தார்கள்! அவர்களும் கிறித்தவர், தடுக்கப்பட்டவர்களும் கிறித்தவர்.

யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே நேர்ந்தது. ஒல்லாந்தர் சைவரை மட்டும் ஒடுக்கினார் அல்லர். கத்தோலிக்கக் கிறித்தவரையும் ஒடுக்கினர். கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று 1658இலேயே ஆணை பிறந்தது. 1687இல் கோவா நாட்டுக் குருவாகிய யோசே வாஸ் என்பவர் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். சில்லாலை என்னும் ஊரில் தங்கி, இரவில் வீடு வீடாகச் சென்று அடியார்க்கு வழிபாடு நடத்தினார். 1689ஆம் ஆண்டு கிறித்துமசு இரவில் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தர் சுற்றி வளைத்துப் பலரைச் சிறைப்படுத்தினர். குருவோ அவர் கையில் அகப்படவில்லை. 1711இல் கண்டியில் மறைந்த அவருக்கு 2015ஆம் ஆண்டில் அவர்தம் திருச்சபை புனிதர் பட்டம் அளித்தது.

எண்ணிப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே இரவில், ஒரு வீட்டில் சைவர் இலையை மறைக்கின்றனர். அடுத்த வீட்டில் கத்தோலிக்கர் குருவை மறைக்கின்றனர். முன்னர் ஆண்டவன் சமயம் இப்போது மறைந்து நிற்கும் சமயமாயிற்று. வன்மையால் ஒரு நெறியை நிறுவியவர் பிறர் வன்மையால் அதனை இழக்கக் காண்பர் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

ஈண்டு நம்மவர் செய்த குறையை மறைத்தல் அறமன்று. 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை ஆண்ட சைவ மன்னனாகிய முதலாம் சங்கிலி, மன்னாரில் புதிதாகக் கிறித்தவம் தழுவிய மக்களைக் கொல்வித்தான். ஏறத்தாழ அறுநூறு பேர் என்பர். நம் கோயில் இடிந்ததற்கு வருந்தும் நாம் அதற்கும் வருந்துதல் வேண்டும். அன்பே சிவம் என்னும் நெறியில் நிற்பார்க்கு இரண்டு துலாக்கோல் கூடாது.

இன்னொரு விந்தையும் உண்டு. அதே ஒல்லாந்தர் தம் தாய்நாட்டில் கத்தோலிக்கரை எவ்வாறு நடத்தினர்? வெளிப்பட வழிபாடு கூடாது என்று தடை இருந்தது. ஆயினும் தெருவில் நிற்பார்க்குத் தேவாலயம் என்று தோன்றாதவாறு வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் கண்டும் காணாதிருந்தனர். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1663இல் ஒரு வணிகர் வீட்டு மேல்மாடத்தில் அமைத்த அத்தகைய ஆலயம் இன்றும் காட்சிக்கு இருக்கின்றது. வெளித்தோற்றம் வீடு, உள்ளே பீடம்.

மடமாகத் தோன்றிய கோயில்

யாழ்ப்பாணத்திலும் காலப்போக்கில் ஒல்லாந்தர் பிடி தளர்ந்தது. தேவாலயத்து ஏட்டில் பெயர் உடையவர் பலர் பெயரளவிலேயே கிறித்தவர் என்று அவர்தம் குருமாரே வருந்தினர். அந்நிலையில், ஒல்லாந்தர் கச்சேரியில் பணியாற்றிய இரகுநாத மாப்பாண முதலியார் நல்லூரில் வேல் ஒன்றை வைத்து வழிபட 1734இல் இடம் அமைத்தார். அரசாங்க ஏட்டில் அவர் பெயரின் முன் தொன் யுவான் என்னும் பறங்கிப் பெயரும் நின்றது. முதலில் அது கோபுரமும் விமானமும் உடைய கோயிலாக எழவில்லை. மடம் போன்ற எளிய கட்டடமாகவே எழுந்தது என்பது மரபு. இன்று பல்லாயிரவர் கூடும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அதுவே. அங்கே மூலத்தானத்தில் இன்றும் வேலே எழுந்தருளியிருக்கின்றது.

பெயரில் யுவான், நெஞ்சில் முருகன். அவரை அஞ்சியவர் என்பதா, அன்பர் என்பதா? அஞ்சியிருந்தால் கச்சேரி ஊழியத்தோடு அமைதியாய் இருந்திருப்பார். அவர் தம் ஊழியத்தையே ஒரு கருவியாக்கி, மூடிய கதவில் ஒரு விரற்கிடை இடைவெளி உண்டாக்கினார். 1790ஆம் ஆண்டையொட்டி, ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதியில், வண்ணார்பண்ணையில் வைத்தியலிங்கச் செட்டியார் வைத்தீசுவரன் கோயிலை எழுப்பினார். இடைவெளி வாயிலாயிற்று. 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளும் நீங்கின.

ஆயின் மறைந்து நிற்றலால் நேர்ந்த இழப்பும் உண்டு. விரதம் பிழைத்தது, அதன் பொருள் பலர்க்கு மறந்தது. இலை எஞ்சியது, ஏடு குறைந்தது. ஆகமம் கற்றாரும் சித்தாந்தம் உரைப்பாரும் அருகினர். இக்குறையைக் கண்டு எழுந்தவரே 1822இல் நல்லூரில் தோன்றிய ஆறுமுக நாவலர். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை, அதே வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயில் வசந்த மண்டபத்தில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடைத்த கதவுக்குள் இருந்த நெறியைத் திறந்த மண்டபத்தில், பலர் செவிப்பட விளக்கினார். இன்று கோட்டூர்புரத்தில் நாம் பேசுவதும் நீங்கள் கேட்பதும் அம்மரபின் ஒரு சிறு கிளை என்று கொள்ளலாம்.

நாம் கண்ட இலை

இறுதியாக நம் வாழ்வில் கண்ட ஒரு செய்தி. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கு முன், நாம் ஆசிரியரிடம் பாடம் கேட்டுவந்த இளமையில், இக்கோட்டூர்புரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் ஈழத்துக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் வீடும் பொருளும் இழந்து வந்தவர்கள். அவ்வீட்டு மூதாட்டியார் கந்தர் சஷ்டி விரதம் இருந்தார். ஏழாம் நாள் பாரணைக்கு நம் ஆசிரியரையும் நம்மையும் அழைத்திருந்தார். உண்டு எழுந்த பின், தாம் உண்ட இலையை மட்டும் அவர் எடுத்து மடித்தார், அங்குமிங்கும் நோக்கினார், சன்னல் கம்பிக்கும் மரச்சட்டத்துக்கும் இடையே செருகினார். அங்கே ஏது ஓலைக்கூரை? ஏது இறப்பு?

நாம் வியந்து கேட்டோம். அவர் சொன்னார்: “தம்பி, அது அந்த நாளையில பறங்கிக்குப் பயந்து செய்தது எண்டு என்ரை அம்மா சொல்லுவா. பயம் போயிட்டுது, பழக்கம் போகேல்லை.” இதனைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தவர் கண்ணில் நீர் இருந்தது. பயம் போயிற்று என்று அவர் சொன்ன அந்நாளில் அவர்தம் ஊரில் என்ன பயம் நிலவிற்று என்பதை எம் ஆசிரியர் அறிவார். அவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்த பின், “அந்த அம்மை செருகியது இலை அன்று, முந்நூற்றாண்டு” என்று மட்டும் கூறினார்.

வினவிய அன்பருக்கு இனி விடை கூறலாம். மறைந்து வழிபடுதல் அச்சமா எனின், மூன்று குறி கொண்டு தேர்க. காண்பார் இல்லாத இடத்தும் வழிபாடு நிகழ்ந்ததா? அது பிள்ளைகளுக்குச் சென்றதா? கதவு திறந்தபோது வெளியே வந்ததா? இம்மூன்றும் உண்டாயின் அது பத்தியே. சாக்கியர்க்கு முதற்குறி இருந்தது. மங்கையர்க்கரசியார்க்கு மூன்றாங்குறி இருந்தது. பெயர் அறியப்படாத யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு மூன்றும் இருந்தன.

இதே உரைகல்லில் நம்மையும் ஒருகால் உரைத்துப் பார்த்தல் நலம். இன்று நமக்குத் தடை இல்லை. ஒலிபெருக்கி வைத்து ஓதுகின்றோம். தெருவை அடைத்துத் தேர் இழுக்கின்றோம். பிறர் காணும் இடத்தில் நம் பத்திக்குக் குறைவில்லை. கதவை அடைத்த பின் நம் வீட்டில் நிகழ்வது யாது? இன்று என்ன திதி என்று நம் வீட்டுப் பிள்ளை அறியுமா? அவர்கள் கோயிலை இழந்தும் வீட்டைக் காத்தார்கள். நாம் கோயிலை வைத்துக்கொண்டு வீட்டை இழந்துவிடல் ஆகாது.

நாளை மறுநாள் சூரசம்ஹாரம். அதற்கடுத்த நாள் பாரணை. விரதம் முடித்து இலை போடும்போது, அதனை மறைக்க வேண்டாத காலத்தில் நம்மைப் பிறப்பித்த திருவருளை நினைக. உண்ட இலையைப் பிள்ளைகள் முன்னிலையில் எடுத்து, இவ்வரலாற்றை அவர்களுக்கு ஒருமுறை சொல்லுக. வேறு சமயத்தார் தம் வழிபாட்டை மறைக்க வேண்டிய நிலையும் நம்மால் எவருக்கும் நேராதிருப்பதாக.

திருச்சிற்றம்பலம்